கசடு ஏன் கிளாரிஃபையரைத் தாண்டி வெளியே போகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 10 எம்.எல்.டி. கழிவுநீர் நிலையத்தில், அதாவது நாளுக்கு ஒரு கோடி லிட்டர் வரும் இடத்தில், புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதும் ஏரேஷன் டேங்கில் காற்று போதுமானதாக இருக்கிறது, நீரின் அழுக்கைக் காட்டும் பி.ஓ.டி. அளவும் இறங்குகிறது. ஆனால் காலை 7 மணி முதல் 9 மணி வரை அதற்கு அடுத்து நுண்ணுயிர்த் திரளான கசடைப் படியவைக்கும் தொட்டியின், அதாவது செகண்டரி கிளாரிஃபையரின் விளிம்பில் பழுப்பாகக் கசடு வழிகிறது. மதியம் தானாகவே சரியாகிவிடுகிறது. "டேங்கைச் சின்னதாகக் கட்டிவிட்டார்களா? கிளாரிஃபையரின் வேலை உண்மையில் என்ன, எப்படி வடிவமைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டேங்க் சின்னதாக இருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, கிளாரிஃபையர் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு இரண்டு வேலை. மேலே தெளிந்த நீரைத் தர வேண்டும். கீழே கசடைக் கெட்டியாக்கி ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பெயரிலேயே தெளிவு இருப்பதால் முதல் வேலை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். நான் பார்த்த கிளாரிஃபையர் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வேலை கெட்டதால் வந்தவைதான்.

இந்த இரண்டாவது வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த முறையின் பிறப்பையே பார்க்கலாம். 1914-ல் மான்செஸ்டர் நகரின் டேவிஹல்ம் கழிவுநீர் நிலையத்தில் தாங்கள் செய்த சோதனைகளின் முடிவுகளை எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் இருவரும் வெளியிட்டார்கள். கழிவுநீரில் காற்றை ஊதிப் பார்ப்பது அப்போது புதிதல்ல, பலர் செய்திருந்தார்கள். ஆனால் நீர் சுத்தமாக வாரக்கணக்கில் ஆனது. இவர்கள் செய்த மாற்றம் ஒன்றுதான். காற்று ஊதி முடிந்ததும் அடியில் படிந்த சேற்றைக் கொட்டவில்லை. மேலே தெளிந்ததை மட்டும் வடித்துவிட்டு, அதே சேற்றின் மேல் புதிய கழிவுநீரை ஊற்றி மறுபடி ஊதினார்கள். ஒவ்வொரு முறையும் சேறு கூடியது, நேரம் குறைந்தது. முதலில் சுமார் ஐந்து வாரம் ஆன வேலை கடைசியில் ஒரு நாளுக்குள் முடிந்தது. படிந்ததைத் திருப்பிப் பயன்படுத்தியதுதான் கண்டுபிடிப்பு. ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்ற பெயரும் அந்தச் சேற்றுக்கு வைத்ததுதான். அதனால் ஏரேஷன் டேங்கையும் கிளாரிஃபையரையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். கிளாரிஃபையர் கசடைத் தக்கவைக்கவில்லை என்றால், காற்று ஊதும் புளோயரை எத்தனை ஓட்டினாலும் ஏரேஷன் டேங்கில் நுண்ணுயிர் மிஞ்சாது.

பிரைமரி கிளாரிஃபையரைப் பற்றியும் கொஞ்சம். அது உயிரியல் சிகிச்சைக்கு முன்னால் வருவது. நீரில் கரையாமல் கலந்து வரும் திடப்பொருளில் 50 முதல் 70 சதவீதமும், பி.ஓ.டி.யில் 25 முதல் 40 சதவீதமும் அங்கேயே படிந்துவிடும். ஏறக்குறைய மின்சாரமே செலவழிக்காமல் இவ்வளவு குறைவது பெரிய விஷயம். அங்கே படிவதைக் காற்றில்லாமல் மட்கவைக்கும் டைஜஸ்டருக்கு அனுப்பினால் எரிவாயு கிடைக்கும்; சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் அந்த வாயுவில் என்ஜின் ஓட்டி மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். நெடுநேரம் காற்று ஊதும் எக்ஸ்டெண்டட் ஏரேஷன் முறையில் பிரைமரி தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே டேங்கில் முறைவைத்துச் செய்யும் எஸ்.பி.ஆர். நிலையத்தில் செகண்டரியும் தனியாக இருக்காது. அதே டேங்கில் காற்றை நிறுத்திவிட்டுப் படிய விடுவார்கள். எம்.பி.ஆர். என்ற வகையில் அந்த வேலையை வடிகட்டும் சவ்வு செய்கிறது. உங்கள் கேள்வி செகண்டரியைப் பற்றியது என்பதால் அதற்கே வருகிறேன்.

எவ்வளவு பெரிய டேங்க் வேண்டும்? "நீர் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நன்றாகப் படியும், அதனால் ஆழமாகக் கட்டு" என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 1904-ல் ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை மறுத்து எழுதினார். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் நீர் நிற்கும் நேரமும் இரண்டு மடங்காகிறது, சரி. ஆனால் துகள் அடியைத் தொட இறங்க வேண்டிய தூரமும் இரண்டு மடங்காகிவிடுகிறதே? லாபமும் நட்டமும் சமம். அப்படியானால் கணக்கில் மிஞ்சுவது மேற்பரப்பு மட்டும்தான். வரும் நீரின் அளவைப் பரப்பால் வகுத்தால் ஒரு வேகம் வரும். நீர் அந்த வேகத்தில் மேலே ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வேகமாக இறங்கும் துகள் படியும், மெதுவாக இறங்குவது நீரோடு போகும். இதைத்தான் ஓவர்ஃப்ளோ ரேட் அல்லது சர்ஃபேஸ் லோடிங் என்கிறோம்.

ஹேசன் சொன்னது தனித்தனியாக இறங்கும் மணலுக்கு முழுப் பொருத்தம். ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் அப்படி இறங்குவதில்லை. லிட்டருக்கு 3 கிராம் அளவில் இருக்கும் கசடு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, போர்வை இறங்குவதுபோல ஒரே பரப்பாக இறங்கும். கீழே போகப் போக நெருக்கம் கூடி, வேகம் குறையும். அந்தப் போர்வைக்கு இடம் வேண்டும் என்பதால்தான் செகண்டரியில் ஆழமும் முக்கியமாகிறது. 3 மீட்டருக்கும் குறைவாகக் கட்டியவற்றில் காலை நேரத்துக் கசடு ஒதுங்கி நிற்க இடமே இருப்பதில்லை.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் எல்லோரும் பின்பற்றும் மத்திய அரசின் சி.பி.எச்.இ.இ.ஓ. அமைப்பின் கையேட்டின்படி, செகண்டரிக்கு சராசரி ஓவர்ஃப்ளோ ரேட் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 15 முதல் 35 கன மீட்டர்; உச்ச நேரத்தில் 40 முதல் 50. கசடுச் சுமை சதுர மீட்டருக்கு நாளுக்கு 70 முதல் 140 கிலோ, உச்சத்தில் 210. விளிம்பின் ஒரு மீட்டர் நீளத்தில் சராசரியாக நாளுக்கு 185 கன மீட்டருக்கு மேல் வழியக் கூடாது.

உங்கள் நிலையத்துக்கு நாளுக்கு 10,000 கன மீட்டர். உச்ச நேரத்துக்கு 2.25 மடங்கு, அதாவது 22,500 என்ற வீதம். சராசரிக்கு 20 என்று எடுத்தால் 500 சதுர மீட்டர் வேண்டும். உச்சத்துக்கு 45 என்று எடுத்தாலும் அதே 500 வருகிறது. 18 மீட்டர் விட்டத்தில் இரண்டு வட்டத் தொட்டி கட்டினால் 509 சதுர மீட்டர். விளிம்பு இரண்டுக்கும் சேர்த்து 113 மீட்டர். சராசரியில் மீட்டருக்கு 88 கன மீட்டர்தான் வழிகிறது, தாராளம். சராசரியில் நீர் மேலே ஏறும் வேகம் நிமிடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. உச்சத்தில் மூன்று.

பலர் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். கசடுச் சுமையையும் பாருங்கள். ஏரேஷன் டேங்க் நீரில் உள்ள கசடின் அளவான எம்.எல்.எஸ்.எஸ். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம், அதாவது கன மீட்டருக்கு 3 கிலோ. கிளாரிஃபையருக்குள் வருவது கழிவுநீர் மட்டுமல்ல, திரும்பிச் சுற்றும் ரிட்டர்ன் ஸ்லட்ஜும் சேர்த்துத்தான். ரிட்டர்ன் 60 சதவீதம் என்றால் 6,000 கன மீட்டர். சராசரியில் 16,000 கன மீட்டரை 3 கிலோவால் பெருக்கினால் 48,000 கிலோ. பரப்பால் வகுத்தால் 94. உச்சத்தில் 28,500 கன மீட்டர், 168. இரண்டுமே வரம்புக்குள். டேங்க் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது கசடு மாறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். கசடின் குணத்தைச் சொல்வது எஸ்.வி.ஐ. அரை மணி நேரம் படிய விட்ட பிறகு ஒரு கிராம் கசடு எத்தனை மில்லிலிட்டர் இடத்தை அடைக்கிறது என்பதுதான் அது. 100 என்றால் நல்ல கசடு. 150-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். கிளாரிஃபையரின் அடியில் எவ்வளவு கெட்டியாகும் என்பதற்குத் தோராயமான கணக்கு: 10 லட்சத்தை எஸ்.வி.ஐ.யால் வகுக்கவும். 125 என்றால் அடியில் லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் கிடைக்கும். 3,000-த்தைத் தக்கவைக்க 60 சதவீத ரிட்டர்ன் போதும். மேலே போட்ட கணக்கு இதுதான்.

எஸ்.வி.ஐ. 200 ஆகிவிட்டால்? அடியில் 5,000-க்கு மேல் கெட்டியாகாது. அதே 3,000-த்தைத் தக்கவைக்க 150 சதவீதம் திருப்ப வேண்டும். 60-லேயே விட்டுவைத்தால் கசடு உள்ளேயே சேர்ந்து போர்வை உயரும். 150-க்கு ஏற்றினாலோ உள்ளே வரும் சுமை சராசரியில் 147, உச்சத்தில் 221. இரண்டுமே வரம்பைத் தாண்டிவிட்டன. கான்கிரீட்டில் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை, கழிவுநீர் ஒரு லிட்டர்கூடக் கூடவில்லை. போதுமானதாக இருந்த அதே டேங்க் போதாமல் போய்விட்டது.

காலையில் மட்டும் வழிகிறது என்று நீங்கள் சொன்னதால்தான் எனக்கு எஸ்.வி.ஐ. மேல் சந்தேகம். இரவில் வரத்து குறைவாக இருக்கும்போது போர்வை மெல்ல இறங்கியிருக்கும். ஊர் எழுந்து குளிக்கத் தொடங்கியதும் வரத்து இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஏரேஷன் டேங்கில் இருந்த கசடு மொத்தமாகத் தள்ளப்பட்டுக் கிளாரிஃபையருக்குள் வரும். எஸ்.வி.ஐ. நன்றாக இருந்தால் அது அடியில் அடங்கும். இல்லையென்றால் போர்வை ஏறிக்கொண்டே வந்து 8 மணி வாக்கில் விளிம்பைத் தொடும். மதியம் வரத்து குறைந்ததும் தானாக இறங்கும்.

உறுதிப்படுத்த ஆய்வகம் தேவையில்லை. ஒரு லிட்டர் அளவுக் குடுவை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏரேஷன் டேங்கின் வெளிவாயில் வாளியால் மொண்டு, உடனே ஊற்றுங்கள். அறைக்கு எடுத்துப்போய் ஆறவிட்டு ஊற்றினால் முடிவு பொய்யாகும். வெயில் படாமல், ஆடாமல் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நின்று பாருங்கள். நல்ல கசடு என்றால் ஓரிரு நிமிடத்தில் தயிர் திரிவதுபோலத் திரளும். திரள்களுக்கு இடையே தெளிந்த நீர் கோடு கோடாகத் தெரியும். பிறகு மேலே ஒரு தெளிவான எல்லை விழுந்து அது சீராக இறங்கும். கெட்ட கசடில் அந்த எல்லை விழும், நீரும் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பஞ்சு மூட்டைபோல 800, 900 மில்லிலிட்டர் கோட்டிலேயே நின்றுவிடும். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

30 நிமிடத்தில் 900-ல் நிற்கிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. கசடு இயல்பிலேயே உப்பலாக இருக்கலாம், அல்லது அளவு அதிகமாகி நெரிசலில் இறங்க முடியாமல் இருக்கலாம். இரண்டாவது குடுவை இதற்குத்தான். அதில் பாதி ஏரேஷன் நீர், பாதி கிளாரிஃபையரிலிருந்து வெளியேறும் தெளிந்த நீர். இது சரசரவென்று 250, 300-க்கு இறங்கினால் கசடு அளவுதான் அதிகம். வெளியே எடுத்துவிடும் மிகுதிக் கசடை, அதாவது வேஸ்ட் ஸ்லட்ஜைக் கூடுதலாக எடுங்கள், நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. இதுவும் 450 பக்கத்தில் நின்றால் நூல்போல் நீளும் பாக்டீரியா வளர்ந்து கசடை விரித்துப் பிடித்திருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் முடி முடியாகத் தெரியும். கரைந்த ஆக்சிஜன் குறைவு, உணவு குறைவு, குழாயிலேயே அழுகி சல்ஃபைடோடு வரும் கழிவுநீர், நைட்ரஜன் பாஸ்பரஸ் பற்றாக்குறை என்று இதற்குக் காரணங்கள் உண்டு. ரிட்டர்ன் லைனில் குளோரின் போட்டு நூல்களை வெட்டலாம். அது அந்த வாரத்துக்கான வைத்தியம். காரணத்தைப் போக்காவிட்டால் மறுபடி வரும்.

குடுவையை 30 நிமிடத்தில் கொட்டிவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். நன்றாகப் படிந்த கசடு திடீரென்று கட்டியாகப் பிரிந்து மேலே எழும்பினால், அது வேறு நோய். அமோனியா நைட்ரேட்டாக மாறியிருக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்குகிறது. குமிழி ஒட்டிக்கொண்டு கசடைத் தூக்குகிறது. மேலே மிதக்கும் கட்டியைக் குச்சியால் தட்டினால் குமிழி விட்டுப் போய், கட்டி மறுபடி மூழ்கும். நம் ஊர் வெப்பத்தில் இது அடிக்கடி வரும். சூட்டில் நீரின் பிசுக்கு குறைவதால் கசடு வேகமாகப் படியும் என்பது நமக்குச் சாதகம். 10 டிகிரியில் இருக்கும் பிசுக்கு 30 டிகிரியில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். ஆனால் அதே சூட்டில் நைட்ரேட் வேலையும் வேகமாக நடக்கிறது. கசடை அடியில் நெடுநேரம் கிடக்க விடாமல் ரிட்டர்னைக் கூட்டுவதுதான் உடனடி வழி. உப்பலான கசடோ இந்த மிதக்கும் கசடோ எதுவென்று தெரியாமல் ரிட்டர்னைத் திருகுவது ஆபத்து.

இனி டேங்கின் உள்ளமைப்பு. பரப்பு சரியாக இருந்தும் தோற்கும் கிளாரிஃபையர்களில் பிரச்சினை பெரும்பாலும் நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் இருக்கும். வட்டத் தொட்டியில் நடுவில் நீர் நுழைகிறது. அதைச் சுற்றி நிற்கும் உருளைத் தடுப்பு, ஃபீட் வெல், வேகத்தை அடக்கிக் கசடு திரள நேரம் தருகிறது. விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று வைப்பார்கள். கசடு கலந்த நீர் தெளிந்த நீரைவிடக் கனம். அதனால் ஃபீட் வெல்லைத் தாண்டியதும் அருவிபோல் கீழே விழுந்து, போர்வையின் மேல் வழுக்கிக்கொண்டு வெளிச்சுவரை அடைந்து, அங்கே முட்டி நேராக மேலே ஏறும். விளிம்பும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது! இந்த அடர்த்தி ஓட்டத்தை உடைக்கத்தான் சுவரின் உட்புறத்தில், விளிம்புக்குக் கீழே, சாய்வான தடுப்புப் பலகை வைக்கிறார்கள். பழைய டேங்கில் இதைச் சேர்ப்பது புதிய டேங்க் கட்டுவதைவிட எவ்வளவோ மலிவு.

வெளியேறும் விளிம்பில் வி வடிவ வெட்டு போட்ட தகடு இருக்கும். அதன் மட்டம் பிசகினால் என்ன ஆகும் என்பதை ஒரு நிலையத்தில் நேரில் பார்த்தேன். டேங்கின் கிழக்குப் பக்கம் மட்டும் கசடு போனது. மேற்குப் பக்க வெட்டுகளின் மேல்பகுதியில் பாசி காய்ந்து கிடந்தது, தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறவில்லை என்று அதுவே சொன்னது. லெவல் குழாய் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். வி வெட்டில் வழியும் அளவு உயரத்தின் இரண்டரை அடுக்கில் ஏறும். சராசரியாக மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வழியும் இடத்தில், ஒரு பக்கம் 3.5, மறுபக்கம் 2.5 என்றால், முதல் பக்கத்தில் 2.3 மடங்கு நீர் போகிறது. ஒரு பக்கத்துக்கு அதிகச் சுமை ஏற்றி, மறுபக்கத்தைப் பாதி சும்மா வைத்திருப்பதற்குச் சமம். அந்த மாதக் கசடுப் பிரச்சினை, போல்ட்டைத் தளர்த்தித் தகட்டை மட்டம் செய்ததில் தீர்ந்தது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சிறிய கழிவுநீர் நிலையங்களில் (எஸ்.டி.பி.), அடியில் கசடை வழிக்கும் ஸ்கிரேப்பர் இல்லாத, கூம்பு அடி கொண்ட சதுரத் தொட்டிதான் அதிகம். அங்கே சரிவு 60 டிகிரி வேண்டும். இடம் மிச்சம் என்று 45-ல் கட்டிவிடுகிறார்கள். சுவர் 45 என்றால் இரண்டு சுவர் சேரும் மூலையின் சரிவு 35 டிகிரிதான். அந்த மூலையில் கசடு ஒட்டி, அழுகி, கறுப்பாக மேலே வரும். அப்புறம் பம்ப். ஒரு மணி நேரத்துக்கு 5 கன மீட்டருக்கு வடிவமைத்த இடத்தில் 15 கன மீட்டர் தள்ளும் பம்பை ஆட்டோவில் போட்டுவிட்டு, சராசரியில் கணக்குச் சரி என்பார்கள். கிளாரிஃபையருக்குச் சராசரி தெரியாது. பம்ப் ஓடும் பத்து நிமிடத்தில் நீர் ஏறும் வேகம் எதுவோ அதுதான் அதற்குக் கணக்கு.

உங்கள் நிலையத்தில் நாளை காலை 6 மணிக்கே போய்விடுங்கள். டேங்கின் ஆழத்தைவிட நீளமான, தெளிவான பிளாஸ்டிக் குழாயைக் கிளாரிஃபையரில் மெதுவாக அடிவரை இறக்கி, மேல்முனையைப் பொத்தித் தூக்கினால், உள்ளே போர்வை எவ்வளவு உயரம் என்று அப்படியே தெரியும். அரை மணிக்கு ஒருமுறை 9 வரை எழுதிவையுங்கள். ஒரு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. கூடவே இரண்டு குடுவைச் சோதனையும், ரிட்டர்ன் பம்பின் அளவும், எம்.எல்.எஸ்.எஸ்.ஸும். விளிம்பைச் சுற்றி ஒருமுறை நடந்து எந்த வெட்டு காய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். போர்வை 6 மணிக்கே இரண்டு மீட்டரில் நின்றால் முந்தைய நாள் கசடே இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம். வேஸ்டிங்கிலும் ரிட்டர்னிலும் தொடங்குங்கள். கீழே இருந்து 8 மணிக்குள் விறுவிறுவென்று ஏறினால் எஸ்.வி.ஐ.யைத் துரத்துங்கள். போர்வை அடியிலேயே அடங்கியிருந்தும் விளிம்பில் கசடு வந்தால், அப்போது ஃபீட் வெல், தடுப்புப் பலகை, தகட்டின் மட்டம் மூன்றையும் சந்தேகப்படலாம். மூன்றாவது கிளாரிஃபையருக்கு டெண்டர் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.